யூடியூப்ல பார்த்தா பாரம்பரியம், ஆவடியில பார்த்தா கேஸ்

மூணாவது வருஷம். ஹீட் டிரான்ஸ்ஃபர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி, மணி ரெண்டு. அந்த நேரத்துல யூடியூப் நமக்கு எதைக் காட்டும்னு யாருக்கும் தெரியாது. எனக்குக் காட்டினது ஒரு தாடிக்கார அமெரிக்கரை. மான்தோல் சட்டை போட்டுக்கிட்டு, வைஸ்ல ஒரு சின்ன இரும்புத் துண்டை மாட்டி, அரத்தால ராவிக்கிட்டே இருந்தார். மியூசிக் இல்லை, பேச்சு இல்லை, 'சப்ஸ்கிரைப் பண்ணுங்க' இல்லை. நாப்பது நிமிஷமும் அரம் ராவுற சத்தம்தான். கடைசியிலதான் தெரிஞ்சுது, 250 வருஷத்துக்கு முந்தின மாதிரியில அவர் கையாலேயே செய்யுற துப்பாக்கியோட ஒரு பாகம் அதுன்னு.

எக்ஸாம் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க.

அதுக்கப்புறம் ஒரு மாசம் எனக்கு வேற வீடியோவே வரல. ஃபிளின்ட்லாக், அதாவது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடுறேன், மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும். துப்பாக்கியோட பக்கவாட்டுல 'குதிரை'ன்னு ஒரு பாகம் (தமிழ் அகராதியிலேயே இந்தப் பேர் இருக்கு). அதோட வாயில ஒரு சிக்கிமுக்கிக் கல்லைத் தோல் துண்டு சுத்திக் கவ்வ வச்சிருப்பாங்க. விசையை அழுத்தினா உள்ளே இருக்கிற V வடிவ ஸ்பிரிங் விடுபட்டு, குதிரை பாய்ஞ்சு, எதிர்ல நிக்கிற ஒரு எஃகுத் தகட்டைச் செதுக்கும். நாம பொறின்னு சொல்றது கல்லோட துகள் இல்லை. கல் சுரண்டி எடுத்த எஃகோட துகள், காத்துல எரிஞ்சுக்கிட்டே விழுறது. அது கீழே இருக்கிற குட்டிக் கிண்ணத்து மருந்துல விழுந்து, அந்த நெருப்பு ஒரு ஊசித்துளை வழியா குழலுக்குள்ள போய், அப்புறம்தான் வெடிக்கும். விசையை அழுத்தினதுக்கும் குண்டு கிளம்புறதுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு. அந்த நேரம் முழுக்க, கண்ணுக்குப் பக்கத்துல நெருப்பு பளிச்சுன்னு அடிக்கும்போதும், சுடுறவர் அசையக் கூடாது. இந்தப் பொழுதுபோக்கோட கஷ்டமும் ருசியும் அங்கதான் இருக்குன்னு அத்தனை பேரும் சொல்றாங்க.

அந்த எஃகுத் தகடு மேல்தோல் மட்டும் கடினமா இருக்கணும். அதுக்கு மெத்தென்ற இரும்பை எலும்புக் கரி, தோல் கரியோட ஒரு டப்பாவுல அடைச்சு, மணிக்கணக்கா செக்கச் செவேல்னு காய்ச்சி, தண்ணியில கொட்டுவாங்க. கார்பன் மேல்தோலுக்குள்ள ஊறியிருக்கும். ஸ்பிரிங்குக்கு நேர் எதிர்: கடினமாக்கின பிறகு சுமார் 300 டிகிரிக்குச் சூடு பண்ணி, நீல நிறம் வர்ற நேரத்துல நிறுத்தணும். தெர்மோமீட்டர் கிடையாது, கண்தான். கேஸ் ஹார்டனிங், டெம்பரிங் ரெண்டையும் நான் ரெண்டு மார்க் கேள்வியா மட்டும்தான் படிச்சிருக்கேன். டெஃபனிஷன் இன்னைக்கும் மனப்பாடமா சொல்வேன். நீலம் வர்றதைக் கண்ணால பார்த்ததே இல்லை.

இன்னொண்ணு. எட்டாம் கிளாஸ்ல இங்கிலீஷ் மிஸ் 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்'னு ஒரு ஈடியம் சொல்லிக் கொடுத்தாங்க. 'ஃபிளாஷ் இன் த பேன்' இன்னொண்ணு. எல்.கே.ஜி-யிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம், எக்ஸாம்ல எழுதி முழு மார்க் வாங்கியிருக்கேன். லாக்னா பூட்டு, ஸ்டாக்னா கடைச் சரக்கு, பேரல்னா பீப்பாய்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். மூணும் இந்தத் துப்பாக்கியோட மூணு பாகம்: விசைப்பொறி, கட்டை, குழல். கிண்ணத்து மருந்து மட்டும் பளிச்சுன்னு எரிஞ்சு உள்ளே பத்தாம போறதுதான் அந்த ரெண்டாவது ஈடியம்.

அமெரிக்காவுல இதைப் பொழுதுபோக்கா செய்யுறவங்களுக்குன்னு ஒரு தேசியச் சங்கம் 1933-லேர்ந்து இருக்கு. இண்டியானா மாநிலத்துல ஃப்ரெண்ட்ஷிப்னு ஒரு சின்ன ஊர்ல அவங்களுக்குச் சொந்தமா சுடுகளம். துப்பாக்கி மட்டும் இல்லைங்க. மாட்டுக் கொம்பைச் சுரண்டிச் சுரண்டி, உள்ளே எவ்வளவு மருந்து இருக்குன்னு வெளிச்சத்துல தெரியுற அளவுக்கு மெலிசாக்குறாங்க. தோல் பையைக் கையால தைக்குறாங்க. ஈயக் குண்டைத் தாங்களே வார்க்குறாங்க. 1969-ல எடுத்த ஒரு ஆவணப்படம் இருக்கு. அதுல வில்லியம்ஸ்பர்க் ஊர் கொல்லர் வாலஸ் கஸ்லர் ஒரு இரும்புப் பட்டையிலேர்ந்து ஆரம்பிச்சு முழு ரைஃபிளையும் செஞ்சு முடிக்கிறார். அமெரிக்க மத்திய சட்டம், 1968-லேர்ந்து, இந்த மாதிரிப் பழைய துப்பாக்கியையும் அதோட நகலையும் பொதுவா 'துப்பாக்கி'ன்னே கணக்குல எடுத்துக்கிறது இல்லை.

இதைப் படிச்சதும் உங்களுக்குள்ள ஒருத்தர் 'அம்பத்தூர் எஸ்டேட்ல சித்தப்பாவுக்கு லேத் இருக்கு மச்சி'ன்னு யோசிச்சிருப்பீங்க. என் ரூம்மேட்டும் அதைத்தான் சொன்னான். வேண்டாம். நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டத்துக்கு, குழல் வழியா மருந்து இடிக்கிறதும் துப்பாக்கிதான். லைசன்ஸ் இல்லாம ஒண்ணைச் செஞ்சா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். கேம்பஸ் பிளேஸ்மென்ட் அங்கேயே முடிஞ்சுது. நானும் அந்த நாளோட 'நாமளே செய்யலாம்'ங்கிற நினைப்பை மூட்டை கட்டிட்டேன். இந்தக் கட்டுரை அதைப் பத்தினது இல்லை.

இப்போ ஒரு விஷயத்தை ஒத்துக்கணும்.

ரெண்டாவது வருஷம் நம்ம கல்ச்சுரல்ஸ்ல 'சேனல் சர்ஃபிங்' ஞாபகம் இருக்கா? எங்க டீம் ரெண்டாம் பரிசு. அதுல தலையில துண்டு கட்டி, கழுத்து நிறைய பாசிமணி போட்டு, பிவிசி பைப்புல செஞ்ச துப்பாக்கியைத் தோள்ல சாத்தி, 'சாமியோவ்'னு கத்திக்கிட்டு வந்தவன் நான்தான். நரிக்குறவர் வேஷம். ஆடிட்டோரியமே சிரிச்சுது. 1968-ல 'ஒளிவிளக்கு' படத்துலயே எம்.ஜி.ஆர். அந்த வேஷத்துல ஆடியிருக்கார், நாம போட்டா என்னன்னு கேட்டா அன்னைக்கு என்கிட்ட பதில் இருந்திருக்காது.

பிளின்ட்லாக் வீடியோ பார்க்கிற காலத்துலதான் ஒரு நாள் அந்த ஸ்கிட் போட்டோவை எவனோ குரூப்ல போட்டான். மான்தோல் சட்டைக்காரரோட தம்நெயிலும் என் போட்டோவும் அடுத்தடுத்து போன்ல இருந்துது. தோள்ல ஒற்றைக் குழல், இடுப்புல பை, கையால கோர்த்த மணி, கையால தச்ச துணி. அவர் போட்டது 'பீரியட் கியர்', அந்தக் காலத்து உடுப்பு, அதைச் சரியா செய்யுறதுக்கு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றார். நான் போட்டது காமெடி. அவருக்கு அது முன்னோர் பெருமை. எனக்கு அது என் முன்னோரே இல்லை, பக்கத்து வீட்டுக்காரங்க. ஆவடி பஸ் ஸ்டாண்டுல இறங்கினா எதிர்ல உக்காந்து மணி கோர்க்கிறவங்க.

நம்ம ஏரியாவுல இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். பருத்திப்பட்டுப் பக்கம் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கு. 2022 ஏப்ரல்ல முதல்வர் அங்க வந்து ஒரு வீட்டுல சாப்பிட்டது எல்லா சேனல்லயும் வந்துது. அதே வருஷம் டிசம்பர்ல அவங்களைப் பழங்குடியினர் பட்டியல்ல சேர்க்கிற மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேத்துச்சு. அவங்க வீட்டுக்குள்ள பேசுறது வாக்ரிபோலி, தமிழ்க் குடும்பத்துல சேராத, எழுத்து வடிவம் இல்லாத மொழி. இது எனக்குப் போன வருஷம்தான் தெரியும். பென்சில்வேனியாவுல ரைஃபிள் செஞ்ச கொல்லர்கள் ஜெர்மனியிலேர்ந்து குடியேறினவங்கன்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருந்தேன். வெக்கமாத்தான் இருக்கு.

தலைமுறை தலைமுறையா வேட்டைதான் அவங்க தொழில். கண்ணி வைக்கிறது, வலை போடுறது, நரி மாதிரி ஊளையிட்டு நரியையே வரவழைக்கிறது. கடைசியா சொன்னதை எட்கர் தர்ஸ்டன் 1909-ல போட்ட தன் ஏழு தொகுதிப் புத்தகத்துல எழுதி வச்சிருக்கார். கூடவே குழல் வழியா மருந்து இடிக்கிற துப்பாக்கி. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துது. 1991 திருத்தத்தோட வேட்டை லைசன்ஸ்ங்கிற பேச்சே இல்லாம போச்சு. மிச்சம் இருக்கிறது மணி.

அந்தத் துப்பாக்கிக்கு நம்ம பேப்பர்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கு, நீங்களும் நூறு தடவை படிச்சிருப்பீங்க: நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல். ஊர் பேரை மட்டும் மாத்திக்கலாம். மேஜை மேல துப்பாக்கியை வரிசையா வச்சு, பின்னாடி போலீஸ், முன்னாடி தலை குனிஞ்சு நாலு பேர். 'நாட்டு'ங்கிற அந்தச் சொல்லைக் கவனிங்க. நாட்டுக்கோழின்னா விலை கூட. நாட்டுச் சர்க்கரைன்னா உடம்புக்கு நல்லது. துப்பாக்கிக்கு முன்னாடி வந்தா மட்டும் மட்டமானது, ஆபத்தானது, திருட்டுத்தனமானது.

இது எப்போ ஆரம்பிச்சுதுன்னு பார்க்க ஒரு சனிக்கிழமை ஆவடியிலேர்ந்து பீச் ட்ரெயின் பிடிச்சு, ஃபோர்ட்ல இறங்கி, ஜார்ஜ் கோட்டை மியூசியம் போனேன். ஆயுதங்களுக்குன்னே ஒரு பகுதி இருக்கு. அங்க நின்னு படிச்சதும் வீட்டுக்கு வந்து தேடினதும் சேர்த்துச் சொல்றேன். பிரிட்டிஷ் ராணுவம் 1797-லேர்ந்து எடுத்துக்கிட்ட ஃபிளின்ட்லாக் மாதிரிக்குப் பேரு 'இந்தியா பேட்டர்ன்'. குழல் 39 அங்குலம், வாய் முக்கால் அங்குலம். பேர் ஏன் அப்படின்னா, முதல்ல அது கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செஞ்சது. பிரெஞ்சுக்காரனோட சண்டை முத்தினப்போ துப்பாக்கி பத்தலைன்னு லண்டன் கம்பெனிகிட்ட வாங்கிச்சு. நெப்போலியனை வாட்டர்லூவுல தோக்கடிச்சவங்க கையில இருந்தது பெரும்பாலும் கம்பெனிக்காரன் நமக்காகச் செஞ்ச மாதிரிதான். நமக்காகன்னா, நம்மளைச் சுடுறதுக்காக.

இந்தப் பக்கம் பாளையக்காரர்கள் கையில இருந்தது பெரும்பாலும் திரித் துப்பாக்கியும் ஈட்டியும். 1799 அக்டோபர்ல கயத்தாறுல கட்டபொம்மன், 1801 அக்டோபர்ல திருப்பத்தூர்ல மருது சகோதரர்கள். அது நம்ம எல்லாருக்கும் பாடம். அதுக்கு அடுத்த பாராவை யாரும் நடத்தல. 1801 டிசம்பர்ல சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு அறிவிக்கை போட்டு, தெற்குச் சீமை ஜனங்க ஆயுதம் வச்சிருக்கிறதையே நிறுத்தினார். 1878 ஆயுதச் சட்டம் அதை நாடு முழுக்கக் கொண்டு போச்சு: இந்தியனுக்கு லைசன்ஸ் வேணும், ஐரோப்பியனுக்கு வேண்டாம்.

எல்லா இந்தியனுக்கும் இல்லை, அதுதான் விஷயமே. பெங்களூர் தாண்டிக் குடகு போங்க. குடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்தே விலக்கு. இன்னைக்கும் சில வகைத் துப்பாக்கிக்கு அவங்களுக்கு லைசன்ஸ் வேண்டாம். 2019-ல மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்கு, 2021-ல கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும்னு சொல்லிடுச்சு. செப்டம்பர்ல வர்ற கைல்போல்து பண்டிகையில துப்பாக்கிக்குப் பூ வச்சுக் கும்பிடுவாங்க. மரத்து உச்சியில தேங்காயைக் கட்டிச் சுடுற போட்டி நடக்கும். அதைப் பார்க்க நம்ம ஊர் பசங்க பைக்ல போய் ரீல்ஸ் போடுறாங்க. குடவர்கள் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை, அது அழகான பழக்கம்தான். நான் கேக்குறது இதுதான்: ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே மாதிரி பழைய தொழில்நுட்பம். நிலம் இருந்த ஒரு கூட்டத்துக்கு அது பண்பாடு. நிலமே இல்லாத ஒரு கூட்டத்துக்கு அது கேஸ் நம்பர். எது பாரம்பரியம்னு முடிவு பண்றப்போ நாம பொருளையே பார்க்கிறது இல்லை. அது யார் தோள்ல தொங்குதுன்னுதான் பார்க்கிறோம். நான் ஸ்கிட்ல செஞ்சதும் அதேதான்.

சரி, பக்கத்துல இருக்கிறவங்ககிட்டயே கேப்போம்னு போனேன். முதல் தடவை சொதப்பல். போன உடனே ஒருத்தர் கேட்டது, 'எந்த சேனல் தம்பி?' 2022-க்கு அப்புறம் வந்த கேமராவுக்குக் கணக்கே இல்லையாம். வந்தவங்க எல்லாரும் சாப்பாட்டைக் காட்டச் சொன்னாங்க, டான்ஸ் ஆடச் சொன்னாங்க, போயிட்டாங்க. நான் ஒரு மணிமாலை வாங்கிக்கிட்டுத் திரும்பினேன். ரெண்டாவது தடவையும் மாலைதான். அம்மாகிட்ட இப்போ நாலு இருக்கு. மூணாவது தடவை ஒரு பெரியவர் உக்காரச் சொன்னார். எழுபது வயசு இருக்கும். சினிமாவுல வர்ற 'சாமியோவ்' எல்லாம் இல்லை, எங்க தாத்தா மாதிரிதான் பேசினார்.

அவங்க அப்பாகிட்ட ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒண்ணு இருந்துதாம், லைசன்ஸோட. சிக்கிமுக்கிக் கல் இல்லை, அடுத்த தலைமுறை, கேப் வச்சு அடிக்கிறது. ஆனா மருந்தும் ரவையும் முன்வாய் வழியாத்தான், கம்பியால இடிச்சுத்தான். வயல்காரங்களே கூப்பிடுவாங்களாம், கதிர் திங்கிற பறவையை விரட்ட. ஒரு தேர்தல் வந்தப்போ, எல்லா லைசன்ஸ்காரங்களும் ஒப்படைக்கிற மாதிரி, துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சாங்க. தேர்தல் முடிஞ்சுது. அப்பா படுத்துட்டார், போய்ச் சேர்ந்துட்டார். லைசன்ஸ் காலாவதி. பேர் மாத்த எழுதிக் கொடுத்தாங்க, எங்கேயோ நிக்குது. துப்பாக்கி அங்கேயே. 'துருப்பிடிச்சிருக்கும்'னார், செத்துப்போன மாட்டைப் பத்திப் பேசுற மாதிரி. திருப்பிக் கொடுத்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். 'எண்ணெய் போட்டு வைப்பேன்'னார். அவ்வளவுதான்.

நான் போனை எடுத்து அந்த அமெரிக்கர் வீடியோவைக் காட்டினேன், அவர் சுடுற இடத்தை. ரெண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். 'கண்ணை மூடுறான் பாரு'ன்னார். எனக்குத் தெரியல. நிறுத்தி நிறுத்திப் போட்டேன். நிஜமாவே, கிண்ணம் எரியுற அந்த நொடியில அவர் கண் மூடித் திறக்குது. நாப்பது வீடியோ பார்த்தவன் நான், கவனிச்சதே இல்லை. அப்புறம் சொன்னார்: 'இந்த நெருப்பு முன்னாடி தெரியுது இல்ல, அதைப் பார்த்ததும் கொக்கு எந்திரிச்சிடும். இதை வச்சு என்ன அடிக்கிறது?'

எனக்குச் சிலிர்த்துடுச்சு. ஏன்னு சொல்றேன். ஃபிளின்ட்லாக் ஒழிஞ்சதுக்குக் காரணம் அலெக்சாண்டர் ஃபோர்சைத்னு ஸ்காட்லாந்துல இருந்த ஒரு பாதிரியார். பறவை வேட்டையில பைத்தியம். கிண்ணத்து நெருப்பைப் பார்த்ததும், குண்டு வர்றதுக்குள்ள வாத்து பறந்துடுதேன்னு கடுப்பாகி, தட்டினா வெடிக்கிற ரசாயனத்தை வச்சுப் பத்த வைக்கிற முறையைக் கண்டுபிடிச்சு 1807-ல காப்புரிமை வாங்கினார். கேப் துப்பாக்கியோட தொடக்கம் அதுதான். அந்த ஒரு வரி எனக்கு ஆயுத வரலாற்றைத் துழாவிக் கிடைச்சுது. ஆவடியில ஒருத்தர் ரெண்டு நிமிஷ வீடியோவைப் பார்த்துட்டு, பறவையோட பக்கத்துலேர்ந்து அதையே சொல்றார். இவரை நாம எந்த வைவாவுக்கும் எக்ஸ்டர்னலா கூப்பிட மாட்டோம்.

போறப்போ உள்ளேர்ந்து ஒரு மாட்டுக் கொம்பு எடுத்துட்டு வந்தார். அடிப்பக்கம் மரக்கட்டை அடைச்சு, நுனியில தக்கை. மருந்துக் கொம்பு, அப்பாவோடது. மெலிசா, வெயில்ல பிடிச்சா உள்ளே நிழல் தெரியுது. வீடியோவுல அமெரிக்கர் கண்ணாடித் துண்டு வச்சுச் சுரண்டினது ஞாபகம் வந்து, இதை எதால சுரண்டினாங்கன்னு கேட்டேன். 'உடைஞ்ச பாட்டில்'னார், இதெல்லாம் ஒரு கேள்வியான்னு. தக்கையை எடுத்துக் கவுத்தினா பொடிப்பொடியா கறுப்பு மணி. மருந்து வச்ச இடத்துல இப்போ கோர்க்கிறதுக்கு வச்ச பாசி.

இந்த இடத்துல உங்கள்ல சிலர் கையைத் தூக்குவீங்க. வேட்டையை ஆதரிக்கிறியா? இல்லை. நரியும் முயலும் கவுதாரியும் நம்ம சுத்துவட்டாரத்துல எவ்வளவு மிச்சம்னு ஏரியெல்லாம் பிளாட் ஆனதைப் பார்த்த நமக்கே தெரியும். நாட்டுத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கணுங்கிறியா? அதுவும் இல்லை. ராத்திரி காட்டுப்பன்னின்னு நினைச்சு மனுஷனைச் சுட்ட செய்தி மலைப்பக்கத்துலேர்ந்து வந்துக்கிட்டேதான் இருக்கு. குழல் வெடிச்சுக் கை போனவங்களும் இருக்காங்க. சட்டம் கடுமையா இருக்கிறதுல எனக்குச் சண்டை இல்லை. அமெரிக்காவுல துப்பாக்கி சுலபமா கிடைக்கிறதால என்ன நடக்குதுன்னும் தெரியும். என் சண்டை சட்டத்தோட இல்லை, நம்மளோட. சுடுற உரிமை போனதும், அதைச் சுத்தி இருந்த கைவேலை, காது, கண், பறவையைப் பத்தின அறிவு எல்லாம் சேர்ந்து கேவலமாயிடுச்சு. மான்தோல் சட்டைக்காரர் உலகத்துல அதெல்லாம் தனியா பிரிச்சு எடுத்துக் கொண்டாடப்படுது. வருஷத்துல நாலு நாள் சுடுவாங்க, மிச்ச நாள் பூரா கொம்பு சுரண்டுறதும் தோல் தைக்கிறதும்தான். அந்தப் பாதிக்கு எந்த ஊர்லயும் லைசன்ஸ் வேண்டாம்.

நாம இருக்கிற இடத்தையும் யோசிச்சுப் பாருங்க. எச்.வி.எஃப்-ல முதல் விஜயந்தா டாங்கி வந்தது 1965-ல. டாங்கி வடிவமைக்கிற சி.வி.ஆர்.டி.இ இங்க, ராணுவ உடுப்பு தைக்கிற ஓ.சி.எஃப் இங்க. எங்க தெருவுல பாதி வீட்டுக்குச் சம்பளம் ஆயுதத்துலேர்ந்து வருது. அதுக்குப் பேரு பாதுகாப்புத் துறை, அதுல இன்டர்ன்ஷிப் கிடைச்சா லிங்க்ட்இன்ல போடுவோம். அதே ஆவடியில பாட்டிலைச் சில்லாக்கிக் கொம்பு சுரண்டத் தெரிஞ்ச குடும்பத்துப் பையன் நம்ம காலேஜ் கேட் உள்ள வந்தா, செக்யூரிட்டி முதல்ல அவன் பையைத்தான் பார்ப்பார்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் என்கிட்ட இல்லை. ரெண்டு மூணு சின்ன விஷயம். ஒண்ணு, அந்த வேஷத்தை விட்டுடுவோம். 'குறவன் குறத்தி' ஆட்டத்தையே 2023-ல தமிழ்நாடு அரசு தடை பண்ணிடுச்சு, கல்ச்சுரல்ஸ் கமிட்டி மட்டும் பின்தங்க வேண்டாம். அடுத்து, ஆயுதச் சட்டத்தோட 45ஆம் பிரிவுல ஒரு வழி இருக்கு: பழைய மாதிரியான, பழுது பார்த்தாலும் சுடவே முடியாத ஆயுதத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஸ்டேஷன்கள்ல துருப்பிடிக்கிற பழைய ஒற்றைக் குழல்கள்ல சிலதையாவது அரசே அப்படிச் செயலிழக்க வச்சு, யாரோடதோ அவங்க வீட்டுக்கோ மியூசியத்துக்கோ கொடுக்கலாம், செஞ்சவங்க பேரும் வச்சிருந்தவங்க பேரும் எழுதி. 'இந்தியா பேட்டர்ன்' பக்கத்துல அதுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி கூட இல்லாம கோட்டை மியூசியம் என்ன மியூசியம்?

கடைசியா, நம்ம டிபார்ட்மென்ட். வர்ற சிம்போசியத்துல ஒரு மணி நேரம், 'கையால செய்யுறது'ன்னு தலைப்பு, அந்தப் பெரியவர் பேசுறதுக்கு. கெஸ்ட் லெக்சருக்கு மத்தவங்களுக்குக் கொடுக்கிற அதே தொகை, அதே சால்வை, அதே ஏ.சி. ரூம், அதே ஓலா. கேண்டீன் பக்கத்துல ஸ்டால் போட்டு உக்கார வைக்கிற கதை வேண்டாம். லெட்டர் கொடுத்து மூணு வாரம் ஆச்சு. 'துப்பாக்கி'ங்கிற சொல்லைத் தலைப்புலேர்ந்து எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன். 'நரிக்குறவர்'ங்கிறதையும் எடுக்கலாமான்னு கேட்டாங்க. அதை எடுக்கல. அதனாலதான் இன்னும் கையெழுத்து ஆகலைன்னு நினைக்கிறேன். தேர்ட் இயர், செகண்ட் இயர் யாராவது கூட வந்து கேட்டா கொஞ்சம் வேகம் எடுக்கும். ஏ பிளாக் மாடியில சாயங்காலம் நாலரைக்கு மேல இருப்பேன்.

போன ஞாயித்துக்கிழமை அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன், இன்னும் உறுதி ஆகலைன்னும் சொன்னேன். ஸ்கிட் போட்டோவையும் காட்டிட்டேன், வேற எங்கேயாவது பார்க்கிறதுக்கு முன்னாடி. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, 'குழல் இவ்வளவு பெருசா இருந்தா தூக்கிட்டு நடக்க முடியாது'ன்னு மட்டும் சொன்னார். அப்புறம் கேட்டார், 'துப்பாக்கி இல்லாம வந்து நான் என்னத்தக் காட்டுறது தம்பி?'

கொம்பைக் கொண்டு வாங்கன்னேன். யோசிச்சார். கவுதாரி சத்தம் போட்டுக் காட்டவான்னு கேட்டார். போட்டும் காட்டினார், பஸ் ஹாரனுக்கு நடுவுல. உள்ளேர்ந்து அவர் பேத்தி ஓடி வந்து எங்கே எங்கேன்னு பார்த்துது.